ஒரே கல்லீரல், இரண்டு ரத்தப் பரிசோதனை அறிக்கைகள்

என் கணவரின் ரத்தப் பரிசோதனை முடிவுகளைப் பதினைந்து ஆண்டுகளாக ஒரு நீளமான நோட்டுப் புத்தகத்தில் எழுதி வருகிறேன். அதில் மொத்தக் கொலஸ்ட்ரால் என்ற வரிசையை மட்டும் படிப்பவருக்கு, அவர் ஆண்டுக்கு ஆண்டு ஆரோக்கியம் பெற்று வந்தவர் என்றே தோன்றும். 44 வயதில் 238, 48 வயதில் 181, 51 வயதில் 126, 53 வயதில் 87. டெசிலிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்ற கணக்கு அது. கடைசியாகச் சொன்ன 87 என்ற எண்ணை நான் எழுதியபோது, எழுந்து நிற்கக்கூட அவருக்கு இரண்டு பேர் கைகொடுக்க வேண்டியிருந்தது. கல்லீரல் மாற்று அறுவைச் சிகிச்சைக்கு அப்போது மூன்று வாரங்களே இருந்தன.

அந்த எண் இறங்க இறங்க நாங்கள் மகிழ்ந்தோம் என்பதை மறைக்காமல் எழுத வேண்டும், ஏனெனில் இதே மகிழ்ச்சியில் இன்றும் பல குடும்பங்கள் இருக்கக்கூடும். அவருக்குச் சர்க்கரை நோய் இருந்தது, இடுப்பைச் சுற்றிக் கொழுப்பு இருந்தது, ஸ்கேனில் கல்லீரலில் கொழுப்புப் படிந்திருப்பதாகப் பல ஆண்டுகளுக்கு முன்பே எழுதியிருந்தார்கள். மது அருந்தும் பழக்கம் அவருக்கு ஒருநாளும் இருந்ததில்லை. 44 வயதில் கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஒரு ஸ்டேட்டின் மாத்திரை தொடங்கப்பட்டது. நான்கைந்து ஆண்டுகளில் எண் 180-ஐ ஒட்டி வந்தது. அதன்பின் மருந்தின் அளவை மாற்றாமலேயே, எடையும் குறையாமலேயே, மேலும் மேலும் இறங்கியது. அப்போது பார்த்துக்கொண்டிருந்த மருத்துவர் "இனி இந்த மாத்திரை தேவைப்படாது" என்று நிறுத்திவிட்டார். நிறுத்திய பிறகும் எண் ஏறவில்லை. எங்கள் உணவுக் கட்டுப்பாட்டின் பலன் என்று நம்பினோம். மருந்தை நிறுத்தியும் ஏறாத கொலஸ்ட்ரால் ஏன் ஏறவில்லை என்று கேட்க எங்களில் எவருக்கும் தோன்றவில்லை.

அதே அறிக்கைகளில் இன்னொரு வரிசையும் இருந்தது. ரத்தத் தட்டணுக்கள் 2,10,000-லிருந்து 1,40,000-க்கும், அங்கிருந்து 92,000-க்கும் குறைந்திருந்தன. கல்லீரல் இறுகும்போது அதன் வழியே செல்ல வேண்டிய ரத்தம் தடைபட்டு, மண்ணீரல் வீங்கி, தட்டணுக்களைத் தன்னிடமே தேக்கிக்கொள்கிறது என்பதைப் பின்னாளில் தெரிந்துகொண்டேன். கல்லீரல் தயாரிக்கும் ஆல்புமின் என்னும் புரதமும் மெல்ல மெல்லக் குறைந்து வந்திருந்தது. கொலஸ்ட்ரால் தனியாக இறங்குவதற்கு வேறு காரணங்களும் உண்டு. தைராய்டு மிகையாகச் சுரப்பது, போதிய உணவின்மை, நீண்ட நோய் என்று அந்தப் பட்டியல் நீளமானது. ஆனால் கல்லீரலில் கொழுப்பு இருப்பதாக ஏற்கெனவே தெரிந்த ஒருவருக்குக் கொலஸ்ட்ரால், தட்டணு, ஆல்புமின் ஆகிய மூன்றும் சேர்ந்து இறங்கினால், அது பாராட்ட வேண்டிய அறிக்கை அன்று. அன்றைக்கே கல்லீரல் மருத்துவரிடம் கொண்டுசெல்ல வேண்டிய அறிக்கை.

வயிற்றில் நீர் கோத்துக் கால்கள் வீங்கிய பிறகுதான் நாங்கள் அந்த மருத்துவரிடம் போய்ச் சேர்ந்தோம். அவர் என் நோட்டுப் புத்தகத்தை வாங்கி நெடுநேரம் பார்த்தார். பிறகு, "அம்மா, உடலிலுள்ள கொலஸ்ட்ராலில் பெரும்பங்கு சாப்பாட்டிலிருந்து வருவதில்லை, உடலே தயாரிக்கிறது, அந்தத் தயாரிப்பில் கல்லீரலுக்கு முக்கியப் பங்கு உண்டு. அதை ரத்தத்தில் ஏற்றிச் செல்லும் புரதங்களையும் கல்லீரல்தான் செய்கிறது. நீங்கள் எழுதி வைத்திருப்பது கொழுப்புக் குறைந்த கணக்கு அல்ல, பட்டறை மூடப்பட்டு வந்த கணக்கு" என்றார். அன்று வீடு திரும்பியதும் 126 என்ற எண்ணுக்குப் பக்கத்தில் முன்பு நானே போட்டிருந்த நட்சத்திரக் குறியைப் பார்த்தேன். அதை நான் இன்றுவரை அழிக்கவில்லை.

அந்தத் தவறான வாசிப்பு எங்களுக்கு எண்ணளவில் நிற்கவில்லை. கொலஸ்ட்ரால் குறைகிறது என்ற ஊக்கத்தில் எண்ணெயைக் குறைத்தோம். கல்லீரலுக்கு ஓய்வு கொடுக்கிறோம் என்று புரதத்தையும் குறைத்தோம். இரவு உணவைச் சிறிதாக்கி, காலை வரை பட்டினியாக வைத்தோம். எடைக்கருவி 74 கிலோ என்றே காட்டியதால் அவர் மெலியவில்லை என்று நினைத்தோம். உண்மையில் தொடையிலும் தோளிலும் தசை கரைந்துகொண்டிருந்தது, அந்த எடையை வயிற்று நீர் ஈடுகட்டிக்கொண்டிருந்தது. முற்றிய கல்லீரல் நோயில் உடல் சர்க்கரையைச் சேமித்து வைக்கும் திறனை இழப்பதால், ஓர் இரவுப் பட்டினியே தசையை உடைத்து எரிபொருளாக்கப் போதுமானதாகிவிடுகிறது. அதனால்தான் இத்தகைய நோயாளிகளுக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 1.2 முதல் 1.5 கிராம் வரை புரதமும், படுக்கப்போகும் முன் ஒரு சிற்றுணவும் பரிந்துரைக்கப்படுகின்றன. தசை கரைந்த நிலையில் அறுவைச் சிகிச்சைக்குப் போகிறவர்களுக்குத் தொற்றும் நீண்ட தீவிரச் சிகிச்சையும் கூடுதலாக நேர்கின்றன. என் கணவர் 27 நாள் தீவிரச் சிகிச்சைப் பிரிவில் இருந்ததற்கு அந்த இரண்டாண்டுச் சாப்பாட்டுக்கும் பங்கு உண்டு என்றே நம்புகிறேன். கல்லீரல் நோயாளியின் வீட்டில் இருப்பவர்கள் எடையோடு தொடையின் சுற்றளவையும் மாதம் ஒருமுறை அளந்து குறித்து வையுங்கள். நாற்காலியிலிருந்து கையூன்றாமல் ஐந்து முறை எழுந்து அமர எவ்வளவு நேரம் ஆகிறது என்பதையும் எழுதுங்கள். கொலஸ்ட்ரால் எண்ணைவிட இவை அப்போது அதிகம் பேசும்.

மாற்றுக் கல்லீரலுக்கான வரிசையில் யார் எவ்வளவு அவசரம் என்பதைக் கணக்கிடும் மெல்ட் என்னும் மதிப்பெண்ணில் பிலிருபின், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின், ரத்தம் உறைய ஆகும் நேரத்தைக் காட்டும் ஐ.என்.ஆர்., சோடியம் ஆகியவை சேர்கின்றன. கொலஸ்ட்ரால் அதில் இல்லை. ஆனாலும் முற்றிய கல்லீரல் நோயில் நல்ல கொலஸ்ட்ரால் எனப்படும் ஹெச்.டி.எல். மிகவும் தாழ்ந்திருப்பது ஆபத்தின் அடையாளம் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. என் கணவருக்கு அது 17 ஆக இருந்தது. காத்திருப்பு அறையில் என்னருகே அமர்ந்திருந்த ஒரு பெண்ணுக்கோ மொத்தக் கொலஸ்ட்ரால் 500-ஐத் தாண்டியிருந்தது. அவருக்கு இருந்தது பித்தநாளங்கள் சிதையும் நோய். பித்தம் வடிய வழியின்றிப் போகும்போது கொலஸ்ட்ரால் வெளியேறும் பாதையும் அடைபட்டு, ரத்தத்தில் வழக்கத்திற்கு மாறான ஒரு கொழுப்புத் துகள் பெருகுகிறது. அவரும் என் கணவரும் ஒரே சிகிச்சைக்குத்தான் காத்திருந்தார்கள். ஒருவரின் எண்ணைக் கொண்டு மற்றவரின் நிலையை எவராலும் ஊகித்திருக்க முடியாது.

அறுவைக்கு முந்தைய சோதனைகளில் இதயத்திற்கான சோதனைகளே எனக்குத் தேவையற்றவையாகப் பட்டன. கெட்ட கொலஸ்ட்ரால் எனப்படும் எல்.டி.எல். 46 மட்டுமே இருப்பவருக்கு ஆன்ஜியோகிராம் எதற்கு என்று நான் வாதிட்டேன். இதய மருத்துவர் பொறுமையாகப் பதில் சொன்னார். கல்லீரல் தளர்ந்ததால் கடந்த நான்கைந்து ஆண்டுகளாகத்தான் எண் தாழ்ந்திருக்கிறது, அதற்கு முந்தைய இருபது ஆண்டுகளில் ரத்தக்குழாய்ச் சுவரில் படிந்தது படிந்ததுதான், சர்க்கரை நோயும் கொழுப்புக் கல்லீரலும் உள்ளவர்களுக்கு அந்தப் படிவு அதிகம் என்று விளக்கினார். சோதனையில் ஒரு குழாயில் 40 சதவீத அடைப்பு தெரிந்தது. அறுவையைத் தடுக்கும் அளவுக்கு அது பெரிதில்லை. பின்னாளில் ஒப்பிட்டுப் பார்க்க ஒரு தொடக்கப் புள்ளி அதனால் எங்களுக்குக் கிடைத்தது.

கல்லீரல் கொடுக்க முன்வந்தவள் நான். என் எல்.டி.எல். 148. மதிப்பீட்டுக் குழு அதைக் கண்டது, குறித்தது, தடையில்லை என்றது. அவர்களுக்கு முக்கியமாக இருந்தது என் கல்லீரலுக்குள் எவ்வளவு கொழுப்பு இருக்கிறது, வெட்டி எடுத்த பிறகு எனக்கு எஞ்சும் பகுதி குறைந்தது 30 சதவீதமாவது இருக்குமா என்பவைதான். வலது பகுதியை, ஏறத்தாழ 60 சதவீதத்தை, எடுத்தார்கள். எனக்கு எஞ்சியதும் அவருக்குள் போனதும் சில மாதங்களில் வளர்ந்து தேவையான அளவை எட்டின. அறுவைச் சிகிச்சையைப் பற்றி இதற்கு மேல் எழுத என்னிடம் அதிகம் இல்லை. நான் மயக்கத்தில் இருந்தேன்.

முப்பதாம் நாள் அவருடைய மொத்தக் கொலஸ்ட்ரால் 131 என்று வந்தது. ஏறிவிட்டதே என்று பதறி மருத்துவரிடம் காட்டினேன். ஆல்புமினும் ஏறியிருக்கிறது, ஐ.என்.ஆர். சீராகிவிட்டது, பட்டறை திறந்துவிட்டது என்று மகிழ்ச்சியோடு சொன்னார். இறங்கியபோது மகிழ்ந்திருந்த நான் ஏறியபோது பதறினேன். இரண்டு முறையும் எனக்கு எண் தெரிந்திருந்தது, அதன் பொருள் தெரியவில்லை.

அந்த விளக்கத்தை நான் அளவுக்கு மீறி நம்பிவிட்டேன். மூன்றாம் மாதம் 204, ஆறாம் மாதம் 247, எல்.டி.எல். 159, ட்ரைகிளிசரைடு என்னும் இன்னொரு ரத்தக் கொழுப்பு 290. ஒவ்வொரு முறையும் கல்லீரல் நன்றாக வேலை செய்கிறது என்ற ஆறுதலோடு பக்கத்தைத் திருப்பினேன். எங்கள் கண்கள் முழுவதும் கல்லீரல் நொதிகளின் மீதே இருந்தன. அவை சீராக இருந்தால் அந்த மாதம் நல்ல மாதம். பல ஆண்டுகள் ருசியின்றி உண்டவருக்குப் பசி திரும்பியிருந்தது, அவர் விரும்பிச் சாப்பிடுவதைப் பார்க்கும் இன்பத்தை நான் மறுத்துக்கொள்ளவில்லை. முதல் ஆண்டில் 13 கிலோ ஏறினார். மாற்று அறுவைக்குப் பின் எடை கூடுவது பெரும்பாலும் அந்த முதல் ஆண்டில்தான் நிகழ்கிறது என்பதும், அந்த எடை பின்னர் எளிதில் இறங்குவதில்லை என்பதும் அப்போதே உணவியலாளர் சொன்னவைதான். நோயின்போது தேவைப்பட்ட கூடுதல் உணவு எந்த மாதத்தில் தேவையற்றதாகிறது என்பதை, வீட்டுக்கு அனுப்பும்போதே கேட்டு ஒரு தேதியாகக் குறித்துக்கொண்டிருக்க வேண்டும்.

எடை மட்டும் காரணமன்று. மாற்று உறுப்பை உடல் நிராகரிக்காமல் காக்கும் மருந்துகளில் பலவும் கொழுப்பைக் கூட்டுபவை. ஸ்டீராய்டு பசியையும் சர்க்கரையையும் கொழுப்பு உற்பத்தியையும் சேர்த்தே கூட்டுகிறது. அது சில மாதங்களில் படிப்படியாகக் குறைக்கப்படும். சைக்ளோஸ்போரின் எல்.டி.எல்.-ஐ உயர்த்துகிறது. டாக்ரோலிமஸ் அந்த வகையில் மென்மையானது என்றாலும் சர்க்கரை நோயை அதிகம் தூண்டுகிறது. மைக்கோஃபினோலேட் கொழுப்பை அவ்வளவாகத் தொடுவதில்லை. சைரோலிமஸ், எவரோலிமஸ் ஆகிய இரண்டும் கொலஸ்ட்ராலையும் ட்ரைகிளிசரைடையும் கணிசமாக உயர்த்தக்கூடியவை. பத்தாம் மாதத்தில் அவருடைய கிரியாட்டினின் 1.7 ஆனது. சிறுநீரகத்தைக் காப்பதற்காக டாக்ரோலிமஸைப் பாதியாக்கி எவரோலிமஸைச் சேர்த்தார்கள். அது சரியான முடிவு, கிரியாட்டினின் 1.4-க்கு இறங்கியது. ஆனால் அடுத்த சோதனையில் ட்ரைகிளிசரைடு 512 என்று வந்தது. 500-ஐத் தாண்டினால் கணைய அழற்சிக்கான அபாயம் தொடங்குகிறது. நிராகரிப்பைத் தடுக்கும் மருந்தை மாற்றும்போதெல்லாம், இந்த மாற்றத்தால் வேறு எந்த எண் மாறும், அதை எத்தனை வாரத்தில் பார்க்க வேண்டும் என்ற இரண்டு கேள்விகளை அதே நாளில் கேட்டு எழுதிக்கொள்வதை அதற்குப் பிறகு வழக்கமாக்கிக்கொண்டேன்.

மாற்றுக் கல்லீரலோடு வாழ்பவர்களில் பாதிப் பேர் அளவிலேனும் கொழுப்புக் கோளாற்றைச் சந்திக்கிறார்கள். அனுபவமுள்ள மையங்களில் பத்தில் ஒன்பது பேர் முதல் ஆண்டைக் கடந்துவிடுகிறார்கள் என்ற மகிழ்ச்சியான செய்திக்குள்ளேயே இன்னொரு செய்தியும் இருக்கிறது: பிந்தைய ஆண்டுகளில் அவர்களின் உயிரைப் பறிக்கும் முக்கியக் காரணங்களில் புற்றுநோய், தொற்று ஆகியவற்றோடு இதய ரத்தக்குழாய் நோயும் நிற்கிறது. கல்லீரல் நலமாகவே இருக்க, அதைச் சுமப்பவர் மாரடைப்பில் போய்விடுகிறார். கொழுப்புக் கல்லீரலால் நோயுற்றவர்களுக்குப் புதிய கல்லீரலிலும் கொழுப்பு மீண்டும் படிவது சாதாரணமாக நிகழ்கிறது என்பதையும் இதோடு சேர்த்துக்கொள்ள வேண்டும். நோயின் வேர் கல்லீரலில் மட்டும் இருந்ததில்லை. அதை வெட்டி எடுத்ததால் சர்க்கரையும் இடுப்புக் கொழுப்பும் உடன் வெளியேறிவிடவில்லை.

இரண்டாம் ஆண்டில், சிறுநீரகத்திற்கான முன்னேற்பாடுகளோடு, இதயக் குழாய்களை மீண்டும் படமெடுத்தார்கள். 40 சதவீதமாக இருந்த அடைப்பு 60 ஆகியிருந்தது.

ஸ்டேட்டின் தொடங்க வேண்டும் என்று அதற்கு ஐந்து மாதங்களுக்கு முன்பே கல்லீரல் மருத்துவர் சொல்லியிருந்தார். நாங்கள்தான் தயங்கினோம். "ஸ்டேட்டின் கல்லீரலைக் கெடுக்கும்" என்று எங்களைச் சுற்றியிருந்த எல்லோரும் சொன்னார்கள். கொடுத்தவளின் முன்னால் அந்தக் கல்லீரலைப் பணயம் வைப்பதற்கு என் கணவருக்கு மனமில்லை, எனக்கும் அச்சம். அந்த அச்சத்திற்கு ஆதாரம் மெலிது. ஸ்டேட்டினால் கல்லீரல் கடுமையாகப் பாதிக்கப்படுவது மிகவும் அரிது. நன்றாக இயங்கும் மாற்றுக் கல்லீரல் உள்ளவர்களுக்கு அது வழக்கமாகவே தரப்படுகிறது. எச்சரிக்கை தேவைப்படுவது வேறு இடத்தில். அறுவைக்கு முன், கல்லீரல் முற்றிலும் தளர்ந்துபோன நிலையில், அதிக அளவு ஸ்டேட்டின் தசைகளைச் சிதைக்கக்கூடும். அறுவைக்குப் பின், பிற மருந்துகளோடு மோதும்போது அதே ஆபத்து வருகிறது. இந்த இரண்டாவது ஆபத்தை நாங்கள் நேரிலேயே பார்த்தோம்.

ஸ்டேட்டின்களில் ஒன்றான அட்டோர்வாஸ்டேட்டின் தொடங்கி ஏழு மாதமாகியிருந்தது, எல்.டி.எல். 96-க்கு வந்திருந்தது. ஒரு வாரமாக விடாத இருமலுக்காக, எங்கள் மருத்துவர் ஊரில் இல்லாததால், வேறொரு மருத்துவரைப் பார்த்தோம். சர்க்கரை, ரத்த அழுத்தம், கல்லீரல் மாற்று என்று எல்லாவற்றையும் வாயால் சொன்னோம். மருந்துப் பட்டியலைக் கையில் கொண்டுபோகவில்லை. அவர் கிளாரித்ரோமைசின் என்னும் நுண்ணுயிர்க்கொல்லி மருந்தை எழுதினார். நான்காம் நாள் என் கணவரின் தொடைகள் தொட முடியாதபடி வலித்தன, கைகள் நடுங்கின, சிறுநீர் கறுத்தது. மருத்துவமனையில் டாக்ரோலிமஸின் அளவு 16 என்று வந்தது. அவருக்கு இருக்க வேண்டியது 3 முதல் 5 வரை. தசை உடைவதைக் காட்டும் சி.கே. என்னும் நொதி 6,400 இருந்தது. அது சாதாரணமாக 200-ஐ ஒட்டியே இருக்கும். டாக்ரோலிமஸ், எவரோலிமஸ், அட்டோர்வாஸ்டேட்டின் மூன்றையும் உடல் சிதைத்து வெளியேற்றுவது பெரும்பாலும் ஒரே நொதியின் வழியாகத்தான். கிளாரித்ரோமைசின் அந்த நொதியை முடக்கிவிடுகிறது. அதனால் மூன்றும் ஒரே நேரத்தில் ரத்தத்தில் தேங்கின. நான்கு நாள் நரம்பு வழியாக நீரேற்றியபின் சிறுநீரகம் தப்பியது.

அந்த நான்கு நாட்களில் நான் மருந்தாளுநரிடம் உட்கார்ந்து கற்றுக்கொண்டவை எவருக்கும் பயன்படக்கூடியவை. கிளாரித்ரோமைசின், எரித்ரோமைசின், பூஞ்சைத் தொற்றுக்கான ஃப்ளூக்கனசோல் போன்ற மருந்துகள், கிரேப்ஃப்ரூட், பம்ப்ளிமாஸ் பழங்கள் ஆகியவை நிராகரிப்புத் தடுப்பு மருந்தின் அளவை ரத்தத்தில் உயர்த்தும். காசநோய்க்கான ரிஃபாம்பிசின், செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்னும் மூலிகை ஆகியவை அதைக் குறைத்து நிராகரிப்புக்கு வழிவகுக்கும். சைக்ளோஸ்போரின் எடுப்பவருக்குச் சிம்வாஸ்டேட்டின் கூடவே கூடாது. பிராவாஸ்டேட்டின், ஃப்ளூவாஸ்டேட்டின், ரோசுவாஸ்டேட்டின் ஆகியவை அந்த நொதியை அதிகம் சார்ந்திராதவை என்றாலும், சைக்ளோஸ்போரினோடு சேரும்போது இவற்றின் அளவும் கூடும் என்பதால் அளவைக் குறைத்தே தருவார்கள். ஸ்டேட்டினோடு ட்ரைகிளிசரைடைக் குறைக்கும் ஜெம்ஃபைப்ரோசிலைச் சேர்ப்பது தசைக்கு ஆபத்து. கொலஸ்டிரமின் போன்ற பித்த அமிலப் பிணைப்பிகள் குடலிலேயே மற்ற மருந்துகளையும் பிடித்து வைத்துக்கொள்ளும். இவற்றையெல்லாம் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. ஒரு பக்கப் பட்டியலை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, புதிதாக எவர் எந்த மருந்தை எழுதினாலும் முதல் மாத்திரையை விழுங்கும் முன் மாற்றுச் சிகிச்சைக் குழுவுக்கு ஒரு தொலைபேசி அழைப்பு. அதை நாங்கள் செய்திருந்தால் அந்த நான்கு நாள் நேர்ந்திருக்காது.

ஐந்து வாரம் கழித்து, சி.கே. முழுவதும் சீரானதை உறுதிசெய்துகொண்டு, ரோசுவாஸ்டேட்டின் 5 மில்லிகிராமில் தொடங்கினார்கள். இனி ஸ்டேட்டினே வேண்டாம் என்று நான் மன்றாடினேன். தவறு செய்தது ஸ்டேட்டின் அல்ல, அதன் துணைக்கு வந்த மருந்து என்று மருத்துவர் உறுதியாக நின்றார். பின்னர் 10 மில்லிகிராம் ஆனது, குடலில் கொலஸ்ட்ராலை உறிஞ்சவிடாமல் தடுக்கும் எசெடிமைப் சேர்ந்தது. ட்ரைகிளிசரைடுக்காக ஃபெனோஃபைப்ரேட் தரலாமா என்று யோசித்து, சிறுநீரகத்தை நினைத்துத் தவிர்த்தார்கள். சர்க்கரையைக் கட்டுப்படுத்தியதும், எவரோலிமஸின் அளவைச் சற்றுக் குறைத்ததும், இனிப்பையும் மாவுப் பொருளையும் குறைத்ததும், நாள்தோறும் 45 நிமிடம் நடந்ததும் சேர்ந்து அது 512-லிருந்து 188-க்கு வந்தது. இதில் எது எவ்வளவு செய்தது என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. நான்கையும் ஒரே மாதத்தில் தொடங்கினோம்.

எல்.டி.எல். மட்டும் எதிர்பார்த்த அளவுக்கு இறங்கவில்லை. மாற்றுக் கல்லீரல் உள்ளவர்களுக்கு எல்.டி.எல். 100-ஐத் தாண்டினாலே சிகிச்சை வேண்டும் என்பது பொதுவான அளவு. இதயக்குழாயில் அடைப்புள்ள அவருக்கு 70-க்குக் கீழே வைக்க வேண்டும் என்றார்கள். 92-லேயே நின்றது. ஒருநாள் மருத்துவர் என் பக்கம் திரும்பி, "உங்கள் வீட்டில் யாருக்காவது சிறு வயதில் மாரடைப்பு வந்திருக்கிறதா?" என்று கேட்டார். என் கணவரின் வீட்டைப் பற்றிக் கேட்கிறார் என்று நினைத்து என் மாமனாரைப் பற்றிச் சொல்லத் தொடங்கினேன். "இல்லை அம்மா, உங்கள் வீட்டில்" என்றார்.

என் தாயார் 49 வயதில் மாரடைப்பில் இறந்தவர்.

அப்போதுதான் மருத்துவர் ஒரு பழைய செய்தியைச் சொன்னார். 1984-ஆம் ஆண்டு அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் ஸ்டார்மி ஜோன்ஸ் என்னும் 6 வயதுச் சிறுமிக்கு டாக்டர் தாமஸ் ஸ்டார்ஸலின் குழு இதயத்தையும் கல்லீரலையும் ஒருசேர மாற்றியது. அந்தக் குழந்தையின் கல்லீரல் நலமாகவே இருந்தது. ஆனால் ரத்தத்திலிருந்து எல்.டி.எல்.-ஐ உறிஞ்சியெடுக்கும் ஏற்பிகள் பிறவியிலேயே அதில் இல்லை. கொலஸ்ட்ரால் 1,000-ஐத் தாண்டி இதயத்தை அழித்திருந்தது. புதிய கல்லீரல் வந்ததும் அது 300 அளவுக்கு இறங்கியது. அந்த ஏற்பியைக் கண்டறிந்த மைக்கேல் பிரவுன், ஜோசப் கோல்ட்ஸ்டீன் இருவருக்கும் அதற்கு அடுத்த ஆண்டு நோபல் பரிசு கிடைத்தது. ஒருவரின் எல்.டி.எல். எவ்வளவு என்பதைப் பெருமளவு தீர்மானிப்பது கல்லீரலின் மரபணுக்கள். கல்லீரலை மாற்றினால் அந்த மரபும் மாறுகிறது. நல்ல கல்லீரல் அந்தச் சிறுமிக்குக் கொலஸ்ட்ராலைக் குறைத்தது போலவே, கொடுப்பவரின் குறை பெறுபவருக்கும் போகும். எங்கள் வீட்டில் இனி அவருடைய கொழுப்பைப் பற்றிக் கேட்கும்போது என் பரம்பரையைக் கேட்க வேண்டும்.

அதன்பின் லிப்போபுரதம் (ஏ) என்னும் சோதனையை எங்கள் இருவருக்கும் எடுத்தார்கள். இதைத் தயாரிப்பது கல்லீரல். அளவைத் தீர்மானிப்பது ஏறக்குறைய முழுவதும் மரபு. உணவாலோ ஸ்டேட்டினாலோ இது இறங்குவதில்லை. 50-க்கு மேல் இருந்தால் இதயநோய்க்கான வாய்ப்பு கூடுகிறது. அவருக்கு 68. எனக்கு 71.

அன்று எனக்கு ஏற்பட்ட குற்றவுணர்வை மருத்துவரிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. உங்கள் கல்லீரல் வராமல் இருந்திருந்தால் இந்த எண்ணை அளக்க அவர் இருந்திருக்க மாட்டார் என்று அவர் சொன்னார். என் கணவர் வீட்டுக்கு வரும் வழியில், "என்னைப் பார்த்தது போதும், இனி உன்னைப் பார்" என்றார். அது நியாயமான பேச்சு. கொடுத்த நாளிலிருந்து என் ரத்தத்தை நான் இருமுறைதான் சோதித்திருந்தேன். 148 என்று அன்று குறிக்கப்பட்ட எல்.டி.எல். தடையில்லை என்ற சொல்லோடு மறக்கப்பட்டு, 163 ஆகியிருந்தது. கொடையாளரின் மதிப்பீட்டில் தடையில்லை என்று எழுதப்படுவது அறுவைச் சிகிச்சைக்குத் தடையில்லை என்ற பொருளில் மட்டுமே. அந்தக் கோப்பில் உள்ள எண்களை எடுத்துக்கொண்டு கொடையாளர் தமக்கென்று ஒரு மருத்துவரைப் பார்க்க வேண்டும். என்னைப் போன்றவர்களுக்கு இதை எவரும் சொல்வதில்லை என்பது எனக்கு இன்றும் வருத்தம்.

லிப்போபுரதத்தைக் குறைக்க வழியில்லாதபோது எல்.டி.எல்.-ஐ இன்னும் கடுமையாகக் குறைப்பதே செய்யக்கூடியது என்று அவருடைய ரோசுவாஸ்டேட்டினை 20 மில்லிகிராமாக உயர்த்தினார்கள். ஒவ்வொரு படியிலும் சி.கே.-யும் சிறுநீரகமும் பார்க்கப்பட்டன. எனக்கும் அதே மருந்து, 10 மில்லிகிராம். இப்போது அறுவைச் சிகிச்சைக்கு ஏழாம் ஆண்டு. அவருடைய எல்.டி.எல். 64. என்னுடையது 89. கடைசிப் படத்தில் அடைப்பு 60-லேயே நிற்கிறது. ரத்தப் பரிசோதனைக்கு இருவரும் ஒன்றாகவே போகிறோம், முடிவுகளை ஒரே பக்கத்தில் இரண்டு வரிசையாக எழுதுகிறேன்.

கடந்த மாதம் எங்கள் மகளின் முடிவும் வந்தது. அவளுக்கு 26 வயது, மெலிந்தவள், நாள்தோறும் ஓடுபவள், சோதனையே தேவையில்லை என்று ஓராண்டாகத் தள்ளிப்போட்டவள். எல்.டி.எல். 131, லிப்போபுரதம் (ஏ) 66. அவளுக்கு அது என்னிடமிருந்து பிறப்பால் வந்தது; அவள் தந்தைக்கு அறுவை மேசையில் வந்தது. நோட்டுப் புத்தகத்தில் மூன்றாவது வரிசைக்கு இடம் போதவில்லை. புதிய நோட்டு ஒன்றை வாங்கி, முதல் பக்கத்தில் அவள் கையாலேயே தேதியை எழுத வைத்தேன்.